தம்பி நாயுடு முதல் கேல் தெரு வரை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், தென்னாப்பிரிக்க இந்தியத் தொழிலாளிகள் காந்தியோடு மேற்கொண்ட 1913ஆம் ஆண்டு நடைப்பயணத்தைப் பற்றி இரண்டே பத்திகளில் எழுதியிருந்தோம். இரண்டு பத்திகளில் அடக்கிவிடக்கூடிய செய்தியா இது என்று கடிந்துகொண்டும், மேலும் விளக்கம் கேட்டும் ஜோகன்னஸ்பர்க், டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 1906இல் காந்தி எதிர்த்த சட்டம், ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வாலில் இருந்த வணிகர்களைப் பற்றியது. நம் முன்னோர்களோ டர்பன் அடங்கிய நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் இருந்தார்கள். அப்படியிருக்க, சத்தியாகிரகத்தில் தமிழர்களின் பங்கு என்று நாம் பேசுவது பின்னாளில் ஒட்டவைத்துக்கொண்ட பெருமைதானே? (லெனேசியா வாசகர்)

பதில்: கேள்வியின் முதல் பாதி சரி. டிரான்ஸ்வாலின் ஆசியர் பதிவுச் சட்டம், தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களை நேரடியாகக் குறிவைத்ததன்று. பத்து விரல் ரேகைகளையும் பதித்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும், எந்தக் காவலர் எந்த இடத்தில் கேட்டாலும் அதை எடுத்துக் காட்ட வேண்டும், காட்டாதவரைச் சிறையில் அடைக்கலாம் அல்லது நாடுகடத்தலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடியவர்கள், இச்சட்டம் வந்தால் பணியமாட்டோம், அதன் விளைவாகச் சிறை வந்தாலும் ஏற்போம் என்று கடவுள் சாட்சியாக உறுதிமொழி எடுத்தார்கள். அங்கே முன்வரிசையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள். சேட் ஹாஜி ஹபீப் அவர்கள்தாம் அந்தத் தீர்மானத்துக்குத் தெய்வ சாட்சியைச் சேர்த்தவர். இதையெல்லாம் மறைத்து நாம் பெருமை பேச வேண்டியதில்லை.

ஆனால் ஜோகன்னஸ்பர்க்கிலும் தமிழர்கள் இருந்தார்கள். கூடையில் காய்கறியும் பழமும் சுமந்து விற்றவர்கள், சலவைத் தொழிலாளிகள், உணவு விடுதிப் பணியாளர்கள், நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்து வடக்கே வந்தவர்கள் என்று அவர்கள் பல தரத்தினர். 1908க்குப் பிறகு சிறைவாசம் நீண்டு, கடைச் சரக்கை அரசு ஏலம் போடத் தொடங்கியதும் பெரிய வணிகர்கள் பலர் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். அவர்களை இழித்துப் பேசுவதில் பொருளில்லை. இழப்பதற்கு நிறைய வைத்திருந்தவர்கள் கணக்குப் பார்த்தார்கள், அவ்வளவே. கூடை வியாபாரிகள் மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனார்கள். உரிமம் இல்லாமல் தெருவில் விற்பது அவர்கள் கண்ட எளிய வழி. காலையில் கூடையோடு நிற்பார்கள், பிடிபடுவார்கள், அபராதம் கட்ட மறுப்பார்கள், சிறைக்குப் போவார்கள், வெளியே வந்ததும் மறுபடியும் கூடையைத் தூக்குவார்கள். டிரான்ஸ்வால் போராட்டத்தில் தமிழர்களே மற்ற எவரையும்விட அதிகம் தாங்கினார்கள் என்று காந்தி ஒரு முறையன்று, பல முறை எழுதியிருக்கிறார்.

இவர்களுக்குத் தலைவராக நின்றவர் தம்பி நாயுடு. 1875இல் மொரிஷியஸில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லாதவர். ஆங்கிலமும் தமிழும் இந்துஸ்தானியும் கொஞ்சம் தெலுங்கும் பேசுவார், மொரிஷியஸின் கிரியோல் மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1907இல் பதிவு அலுவலகங்களின் வாசலில் தொண்டர்கள் நின்று, உள்ளே போகிறவர்களிடம் கைகூப்பி வேண்டாமென்று சொன்ன மறியலுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் அவர்தான் தலைவர். அந்த நவம்பர் முடிவில், கெடு பல முறை நீட்டிக்கப்பட்ட பிறகும், பதிவு செய்துகொண்டவர்கள் ஐந்நூறு பேர் அளவில்தான். 1908 ஜனவரியில் சிறைக்குள்ளிருந்து டிரான்ஸ்வால் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அனுப்பப்பட்ட சமரசக் கடிதத்தில் காந்தி, தம்பி நாயுடு, சீன சமூகத்தின் தலைவர் லியுங் குவின் ஆகிய மூவரும் கையெழுத்திட்டார்கள். சில நாள்களில், சமரசத்தைத் துரோகம் என்று கருதிய மீர் ஆலம் என்ற பத்தானும் அவருடைய கூட்டாளிகளும் காந்தியைத் தெருவில் தாக்கியபோது, குறுக்கே புகுந்து அடி வாங்கியவர்களில் தம்பி நாயுடுவும் ஒருவர். அவர் முன்கோபி என்றும் காந்தி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு வரி இருப்பதால்தான் மற்றப் புகழுரைகளை நம்பத் தோன்றுகிறது.

ஆகவே, ஒட்டவைத்துக்கொண்ட பெருமையன்று இது. தொடங்கியவர்கள் நாமல்லர், ஆனால் அது தேய்ந்துபோகவிருந்த ஆண்டுகளில் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் நம்மவர்கள் மிகுதி என்பதே சரியான கணக்கு.

கேள்வி: அக்காலச் சிறையில் என்ன கொடுமை இருந்தது? பத்து நாள், ஒரு மாதம் என்ற சிறிய தண்டனைகள்தானே? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: பத்து நாள் தண்டனையில் உயிர் போனவர் இருக்கிறார். சாமி நாகப்பன் என்ற பதினெட்டு வயது இளைஞர் 1909 ஜூனில் ஜோகன்னஸ்பர்க்கில் கடுங்காவல் தண்டனை பெற்றார். ஜூன் மாதம் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் எப்படிக் குளிரும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டவெளி முகாமில் தங்கவைத்து, விடிவதற்கு முன்பே சாலை போடும் வேலைக்கு அவரை நடத்திச் சென்றார்கள். இரு நுரையீரல்களிலும் சளிக்காய்ச்சல் கண்டு, ஜூன் 30 அன்று விடுதலையானவர் ஜூலை 6 அன்று இறந்தார். அடுத்த ஆண்டில் நாராயணசாமி என்பவர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, திரும்பி வந்தபோது எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர்விட்டார். நாடுகடத்தப்பட்டுச் சென்னையில் கையில் காசின்றி இறக்கப்பட்டவர்களுக்குச் சோறும் தங்குமிடமும் ஏற்பாடு செய்தவர் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன்.

உணவைப் பொறுத்தவரை, காலையில் உப்பில்லாத மக்காச்சோளக் கூழ். சோறும் நெய்யும் கேட்டு மனு எழுதுவதே சிறைக்குள் ஒரு தனிப் போராட்டமாக இருந்தது. இன்று நாம் அதே மக்காச்சோளக் கூழை மீலி பாப் என்று தொட்டுக்கொள்ளக் கறியோடு விரும்பிச் சாப்பிடுகிறோம் என்பது வேறு செய்தி.

கேள்வி: தில்லையாடி வள்ளியம்மை தம் சேலையைக் கிழித்து இந்தியக் கொடியாகக் காட்டி, வெள்ளை அதிகாரியை எதிர்த்து வீர வசனம் பேசியதாக இணையத்தில் படித்தேன். பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் உங்களிடம் உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். (சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: கொடிக் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அம்மா. அவரைச் சிறை மீண்ட பின் நேரில் பார்த்த காந்தி, தம் போராட்ட வரலாற்றில் வள்ளியம்மைக்கென்று தனியே இடம் ஒதுக்கி எழுதியிருக்கிறார். அதில் இப்படி ஒரு நிகழ்ச்சி இல்லை. 1913இல் இந்தியாவுக்கென்று எல்லாரும் ஒப்புக்கொண்ட தேசியக் கொடியும் இல்லை.

உண்மையில் நடந்ததே போதுமானது. வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை முனுசாமி முதலியார். தில்லையாடி அவர்களது பூர்வீக ஊர். தரங்கம்பாடிக்கு அருகில் இருக்கிறது. வள்ளியம்மை அந்த ஊரைப் பார்த்ததே இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் தென்னாப்பிரிக்கப் பெண். 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றார். அங்கே பெண்களுக்குத் துணி வெளுக்கும் வேலை கொடுக்கப்பட்டது. உணவோ மிக மட்டமானது. கொடிய காய்ச்சலோடு வெளியே வந்தார். நல்ல உயரமான பெண் என்பதால் எலும்பும் தோலுமாக இருந்த உடலைப் பார்க்கவே நெஞ்சு பதறியது என்று காந்தி எழுதுகிறார். சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று அவர் கேட்டதற்கு, இப்போது கைது செய்தாலும் மறுபடியும் போகத் தயார் என்று வள்ளியம்மை விடை சொன்னார். 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயது நிறைந்த அதே நாளில், இறந்தார்.

அவர் பெயரில் ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்று அப்போதே தீர்மானம் போட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து எழுதும்போது, அது இன்னும் நிறைவேறவில்லை என்று காந்தி வருந்துகிறார். தீர்மானம் போடுவதில் நம் சங்கங்கள் அன்றும் பின்தங்கியதில்லை.

கேள்வி: பதினொரு பெண்கள் போய்ப் பேசியதும் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளிகள் வேலையை விட்டுவிட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. நம்பும்படியாக இல்லையே? (நியூகாசிலைச் சேர்ந்த வாசகர்)

பதில்: உங்கள் ஊரில் நடந்த கதையை நீங்களே ஐயுறுவது ஒருவகையில் நல்லதுதான். பேச்சு மட்டும் அதைச் செய்யவில்லை. தீ பிடிக்கும் நிலையில் இருந்தது மூன்று பவுன் வரி.

1895இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் செய்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவர் மீண்டும் கூலியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும், அல்லது இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும்; இரண்டும் இல்லாமல் சுதந்திரமாக இங்கே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். 1903இல் பதினாறு வயதான மகனுக்கும் பதின்மூன்று வயதான மகளுக்கும் அதே வரி விதிக்கப்பட்டது. தாய், தந்தை, வரி வயது வந்த இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன். ஒப்பந்தக் கூலிக்கு முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங், ஐந்தாம் ஆண்டில் பதினான்கு ஷில்லிங் என்பது ஊதியக் கணக்கு. இருபது ஷில்லிங் ஒரு பவுன். அதாவது, பதினான்கு ஷில்லிங் வாங்குகிறவர் ஆண்டு முழுவதும் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் எட்டுப் பவுன் எட்டு ஷில்லிங்தான் வரும். கட்ட முடியாதவர் முன் திறந்திருந்த கதவு ஒன்றே: மறுபடியும் ஒப்பந்தம். சட்டம் போட்டவர்களின் நோக்கமும் அதுதான்.

இந்த வரியை எதிர்த்துக் குரல் எழுப்பிய முதல் ஆள் காந்தி அல்லர் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். டர்பனில் 1908 முதல் ஆங்கிலமும் தமிழும் கலந்து ‘ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள்’ வார இதழை நடத்திய பி. எஸ். அய்யர், 1911இலேயே இவ்வரியை ஒழிக்கத் தனிச் சங்கம் தொடங்கினார். வணிகர்களின் குறைகளுக்காகப் போராடுகிற காந்தி கூலிகளை மறந்துவிட்டார் என்று இடித்துரைக்கவும் தயங்கவில்லை. அய்யர் கடுமையாகப் பேசுபவர், எல்லாரோடும் மோதுபவர். அதனாலேயே பலரும் அவரை மறக்க விரும்பினார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் வாதம் சரியானது. 1912இல் இங்கே வந்த இந்தியத் தலைவர் கோகலேயிடம் வரியை நீக்குவதாக அமைச்சர்கள் சொன்னதாகவும், பின்னர் அப்படி வாக்களிக்கவில்லை என்று மறுத்ததாகவும் செய்தி பரவியபின், இந்தக் கோரிக்கை போராட்டத்தின் நடுவுக்கு வந்தது.

1913 மார்ச்சில் கேப் உயர் நீதிமன்ற நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணங்களே இந்நாட்டில் செல்லும் என்ற பொருள்படத் தீர்ப்பளித்தார். ஒரே நாளில் நம் பாட்டிமார்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றானார்கள். பெண்கள் களத்துக்கு வந்தது இதன் பிறகு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களில் பத்துப் பேர் தமிழர். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அவர்களில் ஒருவர். ஆறு பேரின் இடுப்பில் கைக்குழந்தை. முதலில் ஃபிரீனிகிங்கில் உரிமமின்றிக் கூடை விற்றுப் பார்த்தார்கள், காவலர்கள் கண்டுகொள்ளவில்லை. கைதாவதற்கே இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. பிறகு அனுமதியின்றி நேட்டால் எல்லையைக் கடந்து நியூகாசிலுக்கு வந்தார்கள்.

சுரங்க வளாகங்களுக்குப் போய் அவர்கள் பேசியது தமிழில், தெலுங்கில், இந்தியில். கேட்டவர்களில் பலர் அந்த மொழிக்காரர்கள். பேசியவர்கள் பட்டினத்துப் பேச்சாளர்கள் அல்லர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிறைக்குப் போகத் துணிந்து வந்த பெண்கள். உங்கள் வரியை எதிர்க்க நாங்கள் வந்திருக்கிறோம், நீங்கள் இன்னும் நிலக்கரி வெட்டிக்கொண்டிருக்கிறீர்களே என்பதற்கு எந்த ஆண்மகன் என்ன பதில் சொல்வான்? அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெண்கள் அக்டோபர் 21 அன்று கைதாகி, மூன்று மாதத் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றார்கள். முதலாளிகள் குடியிருப்புகளில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். சட்டி பானைகளை விட்டுவிட்டு, கம்பளியும் உடுத்திய துணியுமாகத் தொழிலாளிகள் வெளியேறினார்கள். நியூகாசிலில் டி. எம். லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் இரண்டு மூன்று அறைகள் கொண்ட வீடு சத்திரமாக மாறியது. மற்றவர்களுக்கு வானமே கூரை. சுரங்க முதலாளிகளின் பகை வரும் என்று தெரிந்தும் இடம் கொடுத்த அந்த மனிதரின் பெயரை நம் கூட்டங்களில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

நவம்பர் 6 அன்று காலையில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. ஃபோக்ஸ்ரஸ்ட் நகரத்து வெள்ளையர் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், வழியில் ஒவ்வோர் இடத்துக்கும் சொன்ன நேரத்தில் சொன்ன எடையில் ரொட்டி அனுப்பினார். அந்தச் சூழலில் அது சாதாரணமான நேர்மையன்று. வழியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரில், மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி நீரில் விழுந்து. தாய்மார்கள் நடையை நிறுத்தவில்லை. காந்தி நான்கே நாள்களில் மூன்று முறை கைது செய்யப்பட்டார். ஸ்டாண்டர்டனில் அவர் வரிசையில் நின்றவர்களுக்கு ரொட்டியும் மார்மலேடும் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது மாஜிஸ்திரேட்டே வந்து, பங்கீடு முடியும் வரை ஓரமாகக் காத்திருந்து, நீங்கள் என் கைதி என்றார். போலீஸ்காரரிலிருந்து மாஜிஸ்திரேட் வரைக்கும் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது போலும் என்று காந்தி சிரித்தார். நவம்பர் 10 அன்று பால்ஃபரில் அனைவரையும் மூன்று ரயில்களில் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சிறைகளில் இடமில்லாததால் சுரங்க வளாகங்களையே சிறை என்று அறிவித்து, அங்கேயே அவர்களை வேலைவாங்க முயன்றார்கள்.

அதற்குள் தீ கடற்கரைக்குப் போய்விட்டது. தலைவர்கள் சிறையில், அழைப்பு விடுத்தவர் யாருமில்லை. ஆனாலும் கரும்புத் தோட்டங்கள், ஆலைகள், டர்பன் நகரப் பணிகள் என்று ஏறத்தாழ 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். மவுண்ட் எட்ஜ்கம்பிலும் எஸ்பெரான்சாவிலும் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் இறந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் காந்தியைக் கண்ணால் கண்டதில்லை.

கேள்வி: எதிராளியின் மனசாட்சியைத் தொட்டு மாற்றுவதே அகிம்சை என்று பள்ளியில் படித்தோம். ஸ்மட்ஸின் மனம் உண்மையிலேயே மாறியதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர்)

பதில்: ஸ்மட்ஸின் மனத்துக்குள் நுழைந்து பார்த்தவர் யாருமில்லை. வெளியே நடந்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். நிலக்கரி நின்றால் ரயில் நிற்கும். கரும்பு அறுவடைக்குக் காத்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் வைத்துச் சோறு போட முடியவில்லை. 1913 நவம்பரில் சென்னையில் பேசிய இந்திய வைஸ்ராய் ஹார்டிஞ்ச், பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்துகொண்டே, சட்டத்தை மீறியவர்களிடம் தமக்குள்ள அனுதாபத்தை வெளிப்படையாகச் சொன்னார்; லண்டனுக்கு அது பெரும் சங்கடம். இத்தனை நெருக்கடியும் சேர்ந்துதான் ஸ்மட்ஸைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்தது.

அப்படியானால் அகிம்சைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த நெருக்கடியைச் சுட்டுத் தீர்க்க அரசுக்கு நல்ல சாக்கு கிடைக்காமல் செய்தது அதுதான். 1914 ஜனவரியில் வெள்ளை ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசு படைச்சட்டம் பிறப்பித்து அடக்கியது. அரசின் இக்கட்டைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டோம் என்று காந்தி தம் அடுத்த நடைப்பயணத்தை நிறுத்திவைத்தார். ஸ்மட்ஸின் செயலாளர் ஒருவர், நீங்களும் அவர்களைப் போல வன்முறையில் இறங்கினால் உங்களை எப்படிச் சமாளிப்பது என்று எங்களுக்கு உடனே தெரிந்திருக்கும் என்று பாதி வேடிக்கையாகச் சொன்னாராம். என்னைக் கேட்டால், ஸ்மட்ஸுக்குக் காந்தி தைத்துக் கொடுத்த செருப்பைப் பற்றிய கதையைவிடப் பாடப்புத்தகத்தில் இடம்பெறத் தகுதியானது இதுவே.

கேள்வி: வென்றது என்ன, வெல்லாதது என்ன? ஆப்பிரிக்க மக்களை அப்போராட்டம் ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை? (டர்பன் பல்கலைக்கழக ஆசிரியர்)

பதில்: 1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது; இந்திய முறைத் திருமணங்களுக்கு ஏற்பு அளித்தது. வாக்குரிமை கிடைக்கவில்லை. டிரான்ஸ்வாலில் நிலம் வாங்கும் தடை நீங்கவில்லை. ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் கதவு நமக்குத் திறக்கவில்லை. ஜூலை 18 அன்று காந்தி கேப் டவுனில் கப்பலேறியபோது, தொழிலாளிக்கு ஒரு சுமை இறங்கியிருந்தது. சமூகத்தின் தாழ்நிலை அப்படியே இருந்தது.

இரண்டாம் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். காந்தி தம் தொடக்க ஆண்டுகளில் ஆப்பிரிக்கரைத் தாழ்த்தி எழுதியிருக்கிறார். இந்தியரை அவர்களோடு ஒரே சிறை அறையில் அடைப்பதை அவமானம் என்று முறையிட்டிருக்கிறார். அக்காலத்து நம் தலைவர்கள் பலரும் அதே எண்ணம் கொண்டவர்களே. ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குச் சற்றுத் தொலைவில்தான் ஜான் டூபேயின் ஓலாங்கே பள்ளி இருந்தது. 1912 ஜனவரியில், பின்னர் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அமைப்புக்கு முதல் தலைவரானவர் அவர். ஆப்பிரிக்கரின் நிலத்தைப் பறித்த சட்டம் வந்ததும் அதே 1913இல். அதே ஆண்டில் புளூம்ஃபான்டெய்னில் ஆப்பிரிக்கப் பெண்கள் அனுமதிச் சீட்டு வாங்க மறுத்துக் கூட்டங்கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். நம் பெண்கள் மாரிட்ஸ்பர்க் சிறையில் இருந்த ஆண்டும் அதுதான். ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியை, ஒரே முறையில் எதிர்த்த இவ்விரு கூட்டங்களும் கைகோக்கவில்லை. எண்ணிக்கையில் சிறிய சமூகம் தன் கோரிக்கையைக் குறுக்கி வைத்தால்தான் வெல்லும் என்ற காந்தியின் கணக்கை ஒருவாறு புரிந்துகொள்ள முடிகிறது; ஆனால் மேற்சொன்ன எழுத்துகளுக்கு அந்தக் கணக்கு சமாதானம் ஆகாது.

கேள்வி: கேல் தெருவில் கூடாரத்தில் தங்கிக் கைதானதாக என் பெரியம்மா சொல்லுவார். அது எந்தப் போராட்டம்? (மியர்பேங்க் வாசகி)

பதில்: 1946இன் எதிர்ப்புப் போராட்டம். இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்த அந்த ஆண்டுச் சட்டத்தை நம்மவர்கள் சேரிச் சட்டம் என்றே அழைத்தார்கள். நாடாளுமன்றத்தில் நமக்காக வெள்ளையர் சிலர் பேசுவார்கள் என்ற சலுகையும் அதில் இருந்தது. அதை யாரும் சீந்தவில்லை. நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் ஜி. எம். நாயக்கர், டிரான்ஸ்வாலின் டாக்டர் யூசுப் டாடூ ஆகியோர் தலைமையில், ஜூன் 13 அன்று டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில், இந்தியர் இருக்கக் கூடாத வெற்று நிலத்தில் கூடாரம் போட்டார்கள். இரவில் வெள்ளைக் காலிகள் வந்து கூடாரங்களைச் சாய்த்து அடித்தார்கள். மறுநாள் மீண்டும் கூடாரம் எழும்பியது. மருத்துவர் கூனம் உள்பட ஏராளமான பெண்கள் சிறை சென்றார்கள். மொத்தம் ஏறத்தாழ 2,000 பேர். இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் விஜயலட்சுமி பண்டிட் வழக்காடித் தீர்மானம் நிறைவேறியது. 1947 மார்ச்சில் நாயக்கரும் டாடூவும் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் டாக்டர் சூமாவோடு கூட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 1913இல் நடக்காமல் போனது அப்போது தொடங்கியது.

பெரியம்மாவின் சிறைச் சீட்டோ படமோ வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: தம்பி நாயுடுவின் பேரன் ஆயுதப் போராட்டத்தில் சேர்ந்தார் என்று அறிந்தேன். அந்தக் குடும்பமே அகிம்சையைக் கைவிட்டது என்றால், அந்த வழி தோற்றுவிட்டது என்றுதானே பொருள்? (லவுடியம் வாசகர்)

பதில்: அந்தக் குடும்பத்தின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் அவ்வளவு எளிதாக முடிவு கட்ட முடியாது. 1914இல் தம்பி நாயுடுவும் வீரம்மாளும் தம் மகன்கள் நால்வரைக் காந்தியின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒருவரான நாரண்சாமி, 1946லும் 1952லும் சட்டத்தை மீறிச் சிறை சென்றார். 1952 ஜூன் 26 அன்று தொடங்கிய சட்டமறுப்பு இயக்கத்தில் நாடு முழுவதும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள்; ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒரே அணியாகச் சட்டத்தை மீறினார்கள். அதற்கு அரசு தந்த விடை, எதிர்ப்புக்காகச் சட்டம் மீறுவோருக்குச் சவுக்கடியும் பல ஆண்டுச் சிறையும் விதித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம். 1960இல் ஷார்ப்வில்லில் சுட்டார்கள். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸைத் தடை செய்தார்கள். கூட்டம் கூடவே வழியில்லாத நிலையில், நாரண்சாமியின் மகன் இந்திரஸ் நாயுடு 1961க்குப் பின் ஆயுதப் பிரிவில் சேர்ந்தார். 1963இல் சுடப்பட்டுக் கைதாகிப் பத்தாண்டு ராபன் தீவில் கழித்தார்.

ஆனால் அவருடைய தாய் அம்மா நாயுடு 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவுக்கு நடந்த பெண்கள் பேரணியில் கலந்துகொண்டவர். சகோதரி சாந்தி நாயுடு 1969இல் கைதாகி, ஓராண்டுக்கு மேல் தனிமைச் சிறையில் இருந்தபோதும், வின்னி மண்டேலா உள்ளிட்ட தோழர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நீதிமன்றத்தில் மறுத்தார். சாட்சி சொல்ல மறுத்ததும் சட்டமறுப்புத்தான். ஒரே வீட்டில், ஒரே பத்தாண்டில், இரண்டு வழிகளும் இருந்தன. எதிர்ப்பைக் கேட்டுப் பேச்சுக்கு வரக்கூடிய அளவுக்காவது வெளி அழுத்தத்துக்கு உட்பட்ட அரசிடம் ஒன்று பலித்தது. எதற்கும் செவிசாய்க்காத அரசிடம் அது மட்டும் போதாதென்று அவர்கள் முடிவு செய்தார்கள். சொகுசாக உட்கார்ந்து அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளி மாணவர்களை இது தொடர்பான இடங்களுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். எங்கெங்கே போகலாம்? (டோங்காட் தமிழ்ப் பள்ளி ஆசிரியை)

பதில்: டர்பன் பக்கம் என்றால், இனாண்டாவில் 1904இல் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு. 1985 ஆகஸ்ட் கலவரத்தில் எரிந்து, 2000இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள் பக்கத்திலுள்ள ஓலாங்கே பள்ளிக்கும் போய்வர வேண்டும். 1994இல் நெல்சன் மண்டேலா வாக்களித்த இடம் அது. டர்பன் நகருக்குள் போனால் கேல் தெரு – அம்பிலோ சாலைப் பூங்காவில் ஒரு கால் மணி நேரம் போதும். ஜோகன்னஸ்பர்க் பயணம் என்றால், காந்தியும் தம்பி நாயுடுவும் அடைபட்ட பழைய கோட்டைச் சிறை இன்று அரசியலமைப்பு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 1908 ஆகஸ்ட் 16 அன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளை மூன்று கால் இரும்புக் கொப்பரையில் போட்டு எரித்த இடமான ஹமீதியா பள்ளிவாசல் அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. பிராம்ஃபான்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் 1914 ஜூலை 15 அன்று, காந்தி புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, திறக்கப்பட்ட நினைவுக்கற்கள் இருக்கின்றன. பள்ளி விடுமுறை நாள்களில் வாயிற்கதவு நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குக் குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள்.